பழைய ஸ்கூபா ரெகுலேட்டரைப் புதுப்பித்தல்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் சந்தையில் காலை வேளைகளில், தரையில் விரித்த தார்ப்பாய்களின் மேல் கைக்கடிகாரம், பழைய நாணயம், தையல் இயந்திரத்தின் பாகம் என்று எது வேண்டுமானாலும் கண்ணில் படும். சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே, துருப்பிடித்த ஸ்பானர்களுக்கு நடுவே, பித்தளை உடலின் மேல் குரோமியம் பூசிய ஓர் உருண்டைப் பொருளைக் கண்டேன். அதிலிருந்து வெடிப்பு விழுந்த கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று தொங்கியது. குழாயின் மறுமுனையில் உள்ளங்கைக்கு அடங்கும் வட்டமான பெட்டியும், பல்லால் கடித்துப் பிடிக்கும் வாய்ப்பகுதியும் இருந்தன. விற்றவர் அதை ஏதோ தண்ணீர்க் குழாயின் பாகம் என்று எண்ணியிருந்தார். 30 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி வந்தேன். அது ஒரு ஸ்கூபா ரெகுலேட்டர். கடலுக்கடியில் மூழ்குபவருக்கு முதுகிலுள்ள சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றை அளந்து கொடுக்கும் கருவி.

இத்தகைய கருவிகள் சந்தையில் மட்டுமல்லாமல், மூழ்குவதை எப்போதோ நிறுத்திவிட்ட மாமா, சித்தப்பா வீட்டு அலமாரிகளிலிருந்தும் வெளிவருவதுண்டு. கையில் எடுத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது மறுபடியும் வேலை செய்யுமா என்பதுதான். பெரும்பாலும் செய்யும். ஆனால் வேலை செய்கிறது என்பதற்கு என்ன பொருள், அதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடக் கூடாது. அந்தத் தெளிவைத் தருவதற்காகவே இதை எழுதுகிறேன். இதைப் படித்த கையோடு, தாமே பழுதுபார்த்த கருவியைக் கடித்துக்கொண்டு ஒருவர் கடலில் இறங்கிவிடக் கூடாது. இந்த வேலைக்கென்று முறையான பயிற்சி உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதும், முதல் சில கருவிகளை அவர் கையால் சோதிக்கச் செய்வதும் கட்டாயம்.

தராசின் இரண்டு தட்டுகள்

சமையலறையில் கேஸ் தோம்பின் தலையில் பொருத்தியிருக்கும் ரெகுலேட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். தோம்புக்குள் எரிவாயு எவ்வளவு அழுத்தத்தில் இருந்தாலும், அடுப்புக்கு அது குறைந்த, சீரான அழுத்தத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை அச்சிறு கருவி செய்கிறது. ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதற்குக் கூடுதலாக இரண்டு கடமைகள் உண்டு. மூழ்குபவர் மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் மட்டும் அது காற்றைத் தர வேண்டும்; தருகின்ற காற்று, அவர் அந்நேரம் இருக்கும் ஆழத்தின் நீரழுத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கடமை ஏன் வந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தில் வளிமண்டலம் நம்மை ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தோடு சூழ்ந்திருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடுகிறது. 10 மீட்டரில் 2 பார், 30 மீட்டரில் 4 பார். நீளமான மூங்கில் குழாயை நீருக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு கீழே மூச்சு விடலாமே என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் ஆழத்திலேயே அந்த முயற்சி தோற்றுவிடும். அங்கே நீர் நம் மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 100 கிராம் எடையளவு கூடுதலாக அழுத்துகிறது. குழாய்க்குள் இருப்பதோ மேற்பரப்பின் காற்று. அந்த வேறுபாட்டை எதிர்த்து நெஞ்சை விரிக்கும் வலிமை நம் மூச்சுத் தசைகளுக்கு இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் தம் பிடித்து இறங்கினார்கள். அவர்கள் நுரையீரலில் இருந்த காற்று இறங்க இறங்கத் தானே சுருங்கி நீரழுத்தத்துக்கு ஈடுகொடுத்தது. ஆனால் கீழேயே இருந்து மூச்சு விட வேண்டுமென்றால், ஆழம் மாறும்போதெல்லாம் காற்றின் அழுத்தத்தையும் உடனுக்குடன் மாற்றிக்கொடுக்கும் கருவி ஒன்று வேண்டும்.

அக்கருவியை நாம் இன்று அறிந்த வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் ஆவர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகக் கன்யான் ஒரு வால்வை வடிவமைத்திருந்தார். எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவைக் கொடுக்கும் அந்த வால்வுதான் மாற்றியமைக்கப்பட்டு 1943-இல் அக்வாலங் என்ற மூச்சுக்கருவி ஆனது. பாரிசுக்கு அருகிலுள்ள மார்ன் ஆற்றில் முதலில் சோதித்தபோது, உடலின் நிலையைப் பொறுத்து ஒருசமயம் காற்று வீணாகக் கொட்டியது, ஒருசமயம் மூச்சிழுப்பது சிரமமாக இருந்தது. காற்று வெளியேறும் வாய் ஓர் உயரத்திலும், நீரழுத்தத்தை உணரும் பகுதி வேறோர் உயரத்திலும் இருந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தார்கள், கோளாறு நீங்கியது. இந்நிகழ்ச்சியை நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் சொல்வேன். ஒரு சாண் உயர வேறுபாடுகூட மூச்சில் தெரியும் அளவுக்கு நுட்பமான கருவி இது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

தொடக்கத்தில் முழுக் கருவியும் முதுகில் இருந்தது. அதிலிருந்து இரண்டு பருத்த, மடிப்பு மடிப்பான குழாய்கள் வாய்க்கு வந்தன. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டெட் எல்ட்ரெட் என்பவர் கருவியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிலிண்டரின் தலையிலும் மறுபாதியை வாயருகிலும் வைத்து, இடையே ஒற்றைக் குழாயைப் பொருத்தினார். போர்பாய்ஸ் என்ற பெயரில் 1952-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய ரெகுலேட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. நான் சந்தையில் வாங்கியதும் இவ்வகைதான்.

சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதை ஒரே தாவலில் மூச்சுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கினால் சீராக இராது என்பதால் இரண்டு படிகளில் இறக்குகிறார்கள். சிலிண்டரின் தலையில் இருக்கும் முதல் நிலை, 200 பாரைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் கூடுதலான ஓர் அளவுக்குக் கொண்டுவருகிறது. இதை இடைநிலை அழுத்தம் என்போம். புதுப்பிக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நடக்கும்.

முதல் நிலையின் உள்ளே நடப்பதைத் தராசாக எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு தட்டில் ஒரு ஸ்பிரிங்கும் கடல்நீரின் அழுத்தமும் சேர்ந்து நிற்கின்றன. அவை வால்வைத் திறக்கப் பார்க்கின்றன. மறுதட்டில், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட காற்று நிற்கிறது. அது வால்வை மூடப் பார்க்கிறது. காற்று போதுமான அளவுக்கு நிறைந்தவுடன் அந்தத் தட்டு தாழ்ந்து வால்வு மூடிக்கொள்ளும். மூழ்குபவர் ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே காற்று குறையும், ஸ்பிரிங்கின் கை ஓங்கும், வால்வு திறக்கும், குறைந்தது நிரம்பும், மறுபடி மூடும். ஆழத்துக்குப் போகும்போது நீர் தன் பங்கை முதல் தட்டில் கூடுதலாக வைக்கிறது. ஆகவே சமநிலைக்கு வேண்டிய காற்றழுத்தமும் அதே அளவு உயர்கிறது. ஆழத்தை அளக்கும் கருவியோ மின்சாரமோ எதுவும் இதில் இல்லை. கடலே தன் ஆழத்தைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

இத்தராசை அமைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பிஸ்டன் வகையில், கடல்நீர் நேரே உள்ளே வந்து பிஸ்டனின் தலையை அழுத்தும். டயஃப்ரம் வகையில், கனத்த ரப்பர்ச் சவ்வு ஒன்று நீரை வெளியே நிறுத்திவிட்டு அதன் அழுத்தத்தை மட்டும் உள்ளே கடத்தும். முதல் வகையில் நகரும் பாகங்கள் குறைவு. இரண்டாம் வகைக்குள் மணலும் உப்பும் எளிதில் புகாது. இரண்டுமே நல்லவை, நம் பக்கத்துக் கலங்கல் நீருக்கு டயஃப்ரம் வகையையே நான் விரும்புவேன்.

பழைய கருவிகளைப் பற்றிப் பேசும்போது சமன்செய்யப்பட்டது, சமன்செய்யப்படாதது என்ற பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். எளிமையான பிஸ்டன் வகையில் சிலிண்டரின் காற்று வால்வின் வாயை நேரே தள்ளுகிறது. அந்த வாயின் பரப்பு 0.1 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் 200 பாரில் நிறைந்திருக்கும்போது அந்தத் தள்ளுதல் ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமம். 50 பாருக்கு இறங்கியபின் 5 கிலோதான். பிஸ்டன் தலையின் பரப்பு 7.5 சதுர சென்டிமீட்டர் என்றால், காணாமற்போன அந்த 15 கிலோ இடைநிலை அழுத்தத்தில் 2 பார் வீழ்ச்சியாகத் தெரியும். சிலிண்டர் காலியாகும் வேளையில் மூச்சு சற்றுக் கனப்பதன் காரணம் இதுவே. சமன்செய்யப்பட்ட வகையில் சிலிண்டரின் அழுத்தம் வால்வைத் திறக்கவோ மூடவோ உதவாதபடி பாகங்களை அமைத்திருப்பார்கள். 1970-இல் ஸ்கூபாபுரோ நிறுவனம் வெளியிட்ட மார்க் 5 அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று. சமன்செய்யப்படாதது மட்டமானது என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். ஆழம் குறைந்த இடங்களில் அது நெடுங்காலம் நேர்மையாக உழைக்கும். அதன் எண்கள் எப்படி நகரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

வாயருகில் இருக்கும் இரண்டாம் நிலையின் நுட்பம் வேறு விதமானது. வட்டப் பெட்டியின் முகப்பில் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் வெளிப்புறம் கடல், உட்புறம் நம் மூச்சு. மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழிந்து ஒரு லீவரை அழுத்தும். லீவர் ஒரு சிறு வால்வைத் திறக்கும். இடைநிலை அழுத்தத்தில் குழாயில் காத்திருக்கும் காற்று உள்ளே வரும். நன்றாகச் சரிசெய்யப்பட்ட கருவியில், 2.5 முதல் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்கு நிகரான இழுப்பே இதற்குப் போதும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறக்குறைய 38 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 2.5 சென்டிமீட்டர் நீர் அழுத்தினால் மொத்தம் 100 கிராமை ஒட்டி வரும். ஒரு கைப்பிடி கடலையின் எடையை வைத்து, 10 பார் காற்றை அடைத்து நிற்கும் வால்வைத் திறக்கிறோம். லீவரின் நீளமும், ஸ்பிரிங்கின் இறுக்கமும், சவ்வின் மென்மையும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்குகின்றன. மூன்றில் எது பிசகினாலும் மூச்சில் தெரியும்.

இரண்டாம் நிலையைப் பற்றி இன்னொன்றையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதன் வால்வு, காற்று வரும் திசையிலேயே திறக்கும்படி பெரும்பாலான கருவிகளில் அமைந்திருக்கிறது. முதல் நிலை கெட்டு இடைநிலை அழுத்தம் மேலே ஏறினால், இந்த வால்வு தானாகத் திறந்து காற்றைக் கொட்டும். காற்று அடைபட்டு மூச்சு நின்றுபோவதைவிடக் கொட்டுவது மேல் என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. ஆகவே வாயருகில் காற்று ஒழுகுகிறது என்றால், நோய் அங்கேதான் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

காலம் எதைத் தின்கிறது

அலமாரியில் பேசாமல் கிடந்த கருவியும் கெடும். முதலில் கெடுவது ரப்பர். தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்கு, வெயிலும் காற்றும் பட்ட ரப்பர் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். பழைய கருவிகளின் வாய்ப்பகுதிகளிலும் குழாய்களிலும் அதையே காண்கிறோம். பாகங்களின் இணைப்புகளில் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற வளையங்கள் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் ஆனவை என்றாலும், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடந்தால் வட்டமான குறுக்குவெட்டு தட்டையாகி, மீண்டும் எழும் தன்மையை இழந்துவிடும். குழாயின் முனைகளில் மாட்டியிருக்கும் காப்புறைகளைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். வெடிப்பும் உப்பும் பெரும்பாலும் அந்த மறைவில்தான் இருக்கும். பழைய கருவியோடு வந்த குழாயை நான் ஒருபோதும் மறுபடி பயன்படுத்துவதில்லை.

அடுத்தது சீட் எனப்படும் மென்மையான அடைப்பு. உலோக விளிம்பு ஒன்று இந்த மெத்தென்ற பரப்பின் மேல் வந்து அமர்ந்துதான் காற்றை அடைக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முறை அமர்வதால், பல ஆயிரம் மூச்சுகளுக்குப் பின் அதில் ஒரு தடம் விழும். சந்தையில் வாங்கிய கருவியின் சீட்டைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது, ஈரமண்ணில் மோதிரத்தை அழுத்தி எடுத்ததைப் போன்ற ஒழுங்கான வட்டமும், அதன் ஓரிடத்தில் மணல் துகள் கடித்த ஒரு குழியும் தெரிந்தன. அந்தக் குழி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் 200 பார் காற்றுக்கு அது அகலமான வாசல்.

மூன்றாவது, உலோகம். பித்தளையின் மேல் பச்சை படிவதைக் களிம்பு என்று நம் மொழி நெடுங்காலமாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. பினாங்கின் ஈரக்காற்றில், சரியாகக் கழுவாத உப்பும் சேர்ந்துகொண்டால், பூட்டிய பெட்டிக்குள்ளும் களிம்பு ஏறும். களிம்பை நீக்கிவிடலாம், அதன் அடியில் உலோகம் அரித்துக் குழிவிழுந்திருந்தால் அதை நிரப்ப முடியாது. எனவே பார்க்க வேண்டியது பச்சை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எங்கே இருக்கிறது என்பதே. வெளி உடலில் இருந்தால் கவலையில்லை. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்திலும், சீட்டின் மேல் அமரும் விளிம்பிலும் இருந்தால் கருவியின் ஆயுள் அதைப் பொறுத்தே இருக்கிறது.

காற்று நுழையும் வாயில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும்; வெண்கலத் துகள்களை ஒட்டிச் செய்தது. கருவியைத் திறக்கும் முன்பே அதன் கதையைச் சொல்லிவிடும் பாகம் இது. பச்சை நிறம் என்றால் முதல் நிலைக்குள் நீர் புகுந்திருக்கிறது. மூடியை மறந்து கழுவியிருப்பார்கள். செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு வந்து அடைத்திருக்கிறது. வடிகட்டியைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, மாற்ற வேண்டும்.

திறப்பதும் சுத்தம் செய்வதும்

திறப்பதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய ஒன்று, உதிரிபாகம் கிடைக்குமா என்பது. உடலில் பொறித்த பெயரையும் மாடலையும் கொண்டு, அதற்கான சீட், ஓ-ரிங், டயஃப்ரம் ஆகியவை இன்றும் கிடைக்கின்றனவா என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். பெயர்பெற்ற பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இன்னும் பாகங்கள் உண்டு. இல்லாதவற்றைப் பளபளப்பாக்கி வைக்கலாமே தவிர மூச்சுக்குப் பயன்படுத்த முடியாது. ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் வேறு ஓ-ரிங்கைப் பொருத்திப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஏறக்குறைய என்ற சொல்லுக்கு இந்த வேலையில் இடமில்லை.

கழற்றும்போது கருவிக்குள் காற்று துளியும் இருக்கக் கூடாது. அந்தந்தத் திருகுக்கு உரிய ஸ்பானரே வேண்டும். பிளையரால் கடித்துத் திருகிய தழும்புகள் பழைய கருவிகள் பலவற்றில் இருக்கின்றன, பார்க்கவே வருத்தமாக இருக்கும். இறுகிப்போன திருகுக்கு எண்ணெய் விடக் கூடாது. உயர் அழுத்தக் காற்று செல்லும் வழியில் சாதாரண எண்ணெய் ஆபத்தானது. ஆக்சிஜன் கூடுதலான கலவையோடு சேர்ந்தால் தீயே பிடிக்கலாம். வெதுவெதுப்பான நீரில் வினிகரைக் கலந்து ஊறவைத்தால் திருகை இறுக்கியிருக்கும் உப்பும் களிம்பும் கரைந்து, பெரும்பாலும் அது இளகிவிடும்.

நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், பள்ளத்தில் ஒட்டிக்கொண்ட ஓர் ஓ-ரிங்கைத் தையல் ஊசியால் நெம்பி எடுத்தேன். எடுத்தபோது எந்தத் தவறும் தெரியவில்லை. புதிய ஓ-ரிங் போட்டுப் பூட்டி, காற்றை ஏற்றி நீரில் அமிழ்த்தியபோது, அரை நிமிடத்துக்கு ஒன்றாகச் சிறு குமிழிகள் கிளம்பின. ஓ-ரிங்கை மூன்று முறை மாற்றியும் அவை நிற்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தால், பள்ளத்தின் சுவரில் மயிரிழை போன்ற ஒரு கீறல். ஊசியின் எஃகு பித்தளையைவிடக் கடினம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல உடல் ஒன்று என் கையாலேயே வீணாயிற்று. அன்றிலிருந்து பித்தளை அல்லது பிளாஸ்டிக் முனை கொண்ட கருவிகளைத் தவிர வேறு எதையும் உள்ளே விடுவதில்லை. ரிங்கைக் கிழித்து எடுத்தாலும் எடுப்பேன், பள்ளத்தைத் தொட மாட்டேன்.

சுத்தம் செய்வதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று உதவியும் செய்யும், கெடுக்கவும் செய்யும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பவர்களுக்குப் புளிப்பு களிம்பைக் கரைக்கும் என்பது தெரியும். ரெகுலேட்டருக்கும் அதே வேதியியல்தான். வெள்ளை வினிகரை நீரில் கலந்தோ, சிட்ரிக் அமிலத்தை மெலிதாகக் கரைத்தோ பயன்படுத்துகிறோம். வேறுபாடு தேய்ப்பதில் இருக்கிறது. விளக்கைத் தேய்த்தால் பளபளக்கும். ரெகுலேட்டரின் விளிம்பைத் தேய்த்தால் அது போய்விடும். மென்மையான பல்துலக்கியும், வசதி இருந்தால் ஒலியலை அதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டியும் போதும். அமிலத்தில் நிமிடக் கணக்கில்தான் விட வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால், ஏற்கெனவே தளர்ந்த குரோமியப் பூச்சு செதில் செதிலாகக் கிளம்பும். அச்செதில்கள் வடிகட்டியைத் தாண்டி உள்ளே இருப்பதால் நேரே சீட்டில் போய் உட்காரும். பிறகு நன்னீரில் பலமுறை அலசி, சுத்தமான காற்றால் ஊதி உலர்த்த வேண்டும்.

இதற்குப் பின் பொருத்துவது பொறுமையாகச் செய்தால் எளிது. ஓ-ரிங், சீட், டயஃப்ரம், வடிகட்டி, வெளிமூச்சு வால்வின் ரப்பர் ஆகிய அனைத்தும் புதியவையாக இருக்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதை மறுபடி போடுவது சிக்கனமாகாது. கிரீஸ், ஓ-ரிங்கின் மேல் ஒரு மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் போதும். சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆக்சிஜன் செறிந்த கலவைக்கு அது கூடாது, அதற்கென உள்ள கிரீஸ் வேண்டும். எந்தக் கிரீஸானாலும் சீட்டின் முகத்தில் படக் கூடாது.

ஊசி சொல்வதைக் கேட்பது

பொருத்தி முடித்த கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இன்னும் நம்பத் தகுந்தது ஆகவில்லை. அதை முடிவு செய்வது இடைநிலை அழுத்தமானி. மிதவை அங்கிக்குக் காற்றூட்டும் குழாயின் முனையில் மாட்டக்கூடிய சிறு கருவி இது, விலையும் அதிகமில்லை. ரெகுலேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அதை ஒருபோதும் கழற்றப் போவதில்லை என்றாலும், இதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்தையில் வாங்கிய கருவியை முதன்முதலில் சிலிண்டரில் மாட்டியபோது தங்கை மகன் பக்கத்தில் இருந்தான். வடிகட்டி சுத்தமாக இருந்ததாலும், தற்காலிகமாக ஒரு புதிய குழாயை மாட்டியிருந்ததாலும், கழற்றுவதற்கு முன் அது எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள விரும்பினேன். சிலிண்டரை மெதுவாகத் திறந்ததும் ஊசி 9.5 பாருக்கு வந்து நின்றது. அவன் மகிழ்ந்துபோனான். ஓரிரு நிமிடத்தில் வாய்ப்பகுதியிலிருந்து ஸ்ஸ் என்ற மெல்லிய ஓசை கிளம்பியது.

"மாமா, இந்த ரெண்டாவதுதான் ஒழுகுது. இத மட்டும் கழட்டிப் பார்க்கலாமா?"

"அத விடுப்பா, ஊசியப் பாரு" என்றேன்.

ஊசி 9.5-இல் இல்லை. 9.8 ஆகியிருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 10-ஐத் தாண்டி, 10.6-ஐத் தொட்டது. ஓசையும் அதோடு சேர்ந்து உயர்ந்தது. முதல் நிலையின் வால்வு முழுமையாக அடைக்காததால் உள்ளே காற்று சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டிருந்தது. அழுத்தம் எல்லையைக் கடந்ததும் இரண்டாம் நிலை தன் கடமைப்படி வழிவிட்டது. இதை அழுத்தத்தின் ஊர்தல் என்று சொல்லலாம். மேலே சொன்ன மோதிரத் தடமும் குழியும் இதற்குப் பிறகு கழற்றியபோது தெரிந்தவையே. ஒழுகும் இடத்தை மட்டும் பார்த்து இரண்டாம் நிலையின் ஸ்பிரிங்கை இறுக்கியிருந்தால் ஓசை நின்றிருக்கும், மூச்சு கனத்திருக்கும், நோய் அப்படியே இருந்திருக்கும்.

அந்த மாடலில் சீட்டின் மேல் அமரும் விளிம்பும் தனியாக மாற்றக்கூடிய பாகமாக இருந்தது எங்கள் நல்லூழ். இரண்டையும் மாற்றிப் பொருத்தியபின் ஊசி 9.5-க்கு விரைந்து வந்து, தட்டென்று நின்றது. மூச்சிழுத்தால் சற்றே தாழ்ந்து, விட்டவுடன் அதே கோட்டுக்குத் திரும்பியது. புதிய சீட்டில் விளிம்பு படிந்து உட்கார வேண்டும் என்பதற்காக, காற்று விடும் பொத்தானைப் பல முறை அழுத்தி விட்டோம். அதனால் நகர்ந்த சிறு அளவை, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் திருத்திச் சரிசெய்தோம். பிஸ்டன் வகையில் சிலவற்றுக்கு இதையே மெல்லிய வளையத் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ செய்ய வேண்டும். பிறகு கால் மணி நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை.

முதல் நிலை உறுதியான பின்புதான் இரண்டாம் நிலையைத் தொட வேண்டும். வால்வின் வாயைச் சிறிது சிறிதாக உள்ளே திருகி, ஒழுகல் நிற்கும் இடத்தைக் கண்டு, அதற்கு மேல் ஒரு துளி மட்டும் கூட்டி நிறுத்துவது பொதுவான முறை. லீவர் உயரமாக இருந்தால் சவ்வு எப்போதும் அதைத் தொட்டுக் காற்று கசியும். தாழ்வாக இருந்தால் முழு மூச்சு கிடைக்காது. சரிபார்க்க விலையுயர்ந்த மானி இல்லாவிட்டாலும் ஒரு பேசின் தண்ணீர் போதும். காற்றை ஏற்றி, சவ்வு கீழேயும் வாய்ப்பகுதி மேலேயும் இருக்கும்படி கருவியைப் பிடித்து, மெதுவாக நீரில் இறக்க வேண்டும். நீர் சவ்வைத் தாண்டி எவ்வளவு உயரம் ஏறியபின் காற்று வரத் தொடங்குகிறதோ, அந்த உயரமே மூச்சிழுக்க வேண்டிய முயற்சியின் அளவு. ஓரமாக ஓர் அளவுகோலை நிறுத்தினால் எண்ணாகவே படித்துவிடலாம். இன்னொரு சோதனைக்குக் காற்றே வேண்டாம். முதல் நிலையின் மூடியை இறுக்கிவிட்டு வாயால் இழுத்துப் பார்க்க வேண்டும். துளிக் காற்றும் வராமல் சவ்வு உள்ளே குழிந்து நிற்க வேண்டும். வந்தால், கடலில் அந்த வழியே நீர் வரும்.

இரட்டைக் குழாய்க் கருவிகளைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் ஒற்றைக் குழாயில் கை பழக வேண்டும். அவற்றின் சவ்வு முதுகில் இருப்பதால், குப்புற நீந்தும்போது அது நுரையீரலைவிட மேலே நின்று மூச்சைச் சற்றுக் கனக்கச் செய்யும்; மல்லாந்தால் காற்று தானே வழியும். இவை பழுதுகள் ஆகா, அந்த அமைப்பின் இயல்பு. உள்ளே வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று வெளிமூச்சைக் காக்கிறது. அது கிடைக்காவிட்டால் அந்தக் கருவியைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதே சரி. அப்படி வைக்கும்போது வாய்ப்பகுதியைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளோ, ஆர்வமுள்ள விருந்தினரோ அதை மாட்டிப் பார்க்க நினைத்துவிடக் கூடாது.

பேசினில் தேறிய கருவி, பயிற்சி பெற்றவரின் சோதனையிலும் தேறியபின், நீச்சல் குளத்துக்கும் அதற்குப் பின் ஆழமில்லாத கடலுக்கும் போகலாம். எங்கள் கருவி முதலில் இறங்கியது பாயார் தீவின் ஆறு மீட்டர் நீரில். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையால் மூழ்குவது பெரும்பாலும் நின்றுவிடும். பழுதுபார்ப்பை நான் அம்மாதங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும் ஒரு துண்டுத்தாள் இருக்கும். தேதி, சிலிண்டரின் அழுத்தம், ஊசி நின்ற எண், கால் மணி கழித்து அது காட்டிய எண், பேசினில் அளந்த உயரம் ஆகிய ஐந்தையும் அதில் குறிப்பேன். அடுத்த நவம்பரில் முதல் வேலை, எதையும் கழற்றாமல் அந்த ஐந்தையும் மறுபடி எடுத்து, பழைய வரிக்குக் கீழே எழுதுவது. சந்தைக் கருவியின் தாளில் இப்போது மூன்று வரிகள் உள்ளன. மூன்றிலும் ஊசி 9.5.